விழித்திரையும் மின்சாரமும்

கண் பார்க்கிறது என்று சொல்வது உலக வழக்கு. உடற்றொழில் நூலறிஞரோ கண்ணைப் பார்வையின் வாயில் என்ற அளவிலேயே மதிப்பர். ஒளியை உள்ளே விடுவது கண்ணின் முன்பகுதி. அவ்வொளியை மின் குறிப்புக்களாக மாற்றுவது கண்ணின் பின்சுவரிற் படிந்துள்ள விழித்திரை. அக்குறிப்புக்களை ஏந்திச் செல்வது பார்வை நரம்பு. அவற்றை மரமென்றும் மனிதனென்றும் உணர்ந்து கொள்வது மூளை. இந்த நான்கு இடங்களில் எங்கே தடை நேர்ந்தாலும் விளைவு ஒன்றேதான். உலகம் இருண்டு விடுகிறது. ஆகவே பார்வையின்மை என்பது ஒரே நோயன்று. தடை எங்கே உள்ளது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமையும்.

தடை கண்ணின் முன்பகுதியில் இருந்தால் வைத்தியர்கள் பல காலமாகவே அதனை நீக்கி வருகின்றனர். கண்ணின் வில்லை மங்கிப்போனால் அதனை அகற்றிச் செயற்கை வில்லையொன்றை வைக்கிறார்கள். கண்ணாடி போன்ற முன்படலம் வெளுத்துப்போனால், இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்த தெளிந்த படலத்தை ஒட்டவைக்கிறார்கள். 1961ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட இலங்கைக் கண்தான சங்கம் பல நாடுகளுக்கும் அனுப்பி வந்திருப்பது இந்தப் படலத்தையே. "கண்தானம்" என்ற சொல்லைக் கேட்டு, முழுக் கண்ணையும் மாற்றி வைக்கலாம் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறு மாற்றி வைத்துப் பார்வையை மீட்பது இன்னும் இயலாத காரியம். விழித்திரையையும் அதிலிருந்து புறப்படும் நரம்பையும் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவரிடம் இணைத்து, மீண்டும் பார்க்கச் செய்யும் வழியை வைத்தியம் இன்னும் காணவில்லை. எனவே விழித்திரை கெட்டவர்க்கு வேறொரு வழி வேண்டும். அத்தகைய வழியாக மின்சாரத்தை நாடிய ஆராய்ச்சியின் வரலாறே இங்கு கூறப்படுவது.

விழித்திரை ஏறக்குறையக் கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய விரிப்பு. அதன் அமைப்போ வியக்கத்தக்கது. அடியிலே ஒளியை உணரும் கலங்கள் நெருக்கமாக நிற்கின்றன. மங்கிய வெளிச்சத்திற் பயன்படும் கோல்கள் ஏறக்குறைய 12 கோடி. பகலொளிக்கும் நிறத்துக்கும் நுண்ணிய பார்வைக்கும் உதவும் கூம்புகள் ஏறக்குறைய 60 இலட்சம். இவற்றுக்கு மேலே செய்தியைத் தொகுத்துக் கைமாற்றும் இடைக்கலங்களின் அடுக்கொன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே 10 இலட்சத்துக்குச் சற்று அதிகமான நரம்புக் கலங்கள் உள்ளன. இவற்றின் நீண்ட இழைகள் ஒருங்கு திரண்டே பார்வை நரம்பாகி மூளையை நோக்கிச் செல்கின்றன. 12 கோடிக்கு மேற்பட்ட கலங்கள் உணர்ந்ததை 10 இலட்சம் இழைகள் கொண்டு செல்வதென்றால், செய்தி வழியிலேயே வடிக்கப்பட்டுச் சுருக்கப்படுகிறது என்பது பெறப்படும். விழித்திரை வெறுமனே படம் விழும் திரையன்று; மூளையின் வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்து முடிக்கும் உறுப்பு.

இந்த அடுக்குக்களில் முதலில் அழிவது அடியிலுள்ள ஒளியுணர் கலங்களே என்ற நிலை இரண்டு நோய்களிற் காணப்படுகிறது. ஒன்று ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா எனப்படும் பரம்பரை நோய். ஏறக்குறைய 4000 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இது உலகெங்கும் உண்டு. இளமையில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, பார்வையின் ஓரங்களை ஒவ்வொன்றாக அரித்து, ஒரு குழாயினூடே பார்ப்பது போன்ற நிலைக்குக் கொண்டுவந்து, சிலரிடம் அந்தக் குழாயையும் அடைத்து விடுகிறது. மற்றையது முதுமையில் வரும் மஞ்சட்பொட்டுச் சிதைவு. மஞ்சட்பொட்டு என்பது விழித்திரையின் நடுவே கூம்புகள் மிக நெருங்கியுள்ள சிறிய இடம். வாசிப்பதும் முகங்களை அடையாளங் காண்பதும் அவ்விடத்தாலேயே. அது சிதையும்போது ஓரப் பார்வை எஞ்சி நிற்க, நடுப் பார்வை மறைந்து போகிறது. கதவு எங்கேயுள்ளதென்பது தெரியும். கதவருகில் நிற்பவர் மகனா அயலவரா என்பது தெரியாது.

இந்த இரண்டு நோய்களிலும் ஒரு நம்பிக்கைக்கு இடமுண்டு. ஒளியுணர் கலங்கள் மாண்டபின்னரும் அவற்றுக்கு மேலேயுள்ள இடைக்கலங்களிலும் நரம்புக் கலங்களிலும் ஒரு பகுதி நெடுங்காலம் உயிருடன் இருக்கிறது. தந்திக் கம்பி அறுபடவில்லை. செய்தி எழுதுவோர்தாம் இல்லை. அவ்வாறாயின் அந்த இடத்தில் மின்சாரத்தைக் கொண்டு செய்தி எழுதலாகாதா என்ற வினா எழுவது இயல்பே. ஆனால் கண் அழுத்த நோயால் நரம்பே பட்டுப்போனவர்க்கும், விபத்தில் விழியையே இழந்தவர்க்கும் இவ்வழி உதவாது. பிறவியிலேயே பார்வையற்றவர்க்கும் இது பொருந்தவில்லை. காண்பதற்கு மூளை இளமையிலேயே பழகியிருத்தல் வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

மின்சாரம் ஒளியுணர்வைத் தரும் என்பது புதிய செய்தியன்று. 1755ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் லெருவா என்னும் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் பார்வையிழந்த இளைஞன் ஒருவனது தலையைச் சுற்றிக் கம்பிகளைக் கட்டி, அவற்றினூடே மின்சாரத்தைப் பாய்ச்சினார். நோய் தீரவில்லை, ஆனால் கண்முன்னே தீச்சுவாலை போன்றதொன்று கடந்து செல்லக் கண்டதாக அவ்விளைஞன் கூறினான். 1929இல் ஜேர்மானிய நரம்பு வைத்தியர் ஒட்பிரிட் பேர்ஸ்ரர், விழித்திருந்த நோயாளியின் மூளையிற் பின்பகுதியை மின்சாரத்தால் தொட்டபோது, நோயாளி ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டார். 1956இல் அவுஸ்திரேலியரான கிரகாம் ரசிக்கர் என்பவர், ஒளிபட்டால் மின்னோட்டம் தரும் சிலீனியக் கலமொன்றை விழித்திரைக்குப் பின்னே வைத்து, பார்வையற்ற ஒருவருக்கு ஒளியுணர்வு தோன்றச் செய்தார். 1968இல் இங்கிலாந்தில் பிரின்ட்லி, லெவின் என்னும் இருவர் 80 மின்வாய்களைப் பார்வையற்ற பெண்ணொருவரின் மூளைமீது பதித்து, வானொலி அலைகளின் மூலம் அவற்றை இயக்கி, தனித்தனி ஒளிப்புள்ளிகளை அவர் காணும்படி செய்தனர்.

இப்பரிசோதனைகள் யாவும் ஒரே உண்மையை நிலைநாட்டின. மூளைக்கு ஒளி வேண்டியதில்லை. ஒளியின் குறிப்பு கிடைத்தாற் போதும். ஒரு புள்ளி தோன்றுமானால் பல புள்ளிகளை ஒழுங்குபடுத்தி ஓர் உருவமாக்கலாம் என்பதே அதன்பின் வந்தோரின் எண்ணம்.

இவ்வெண்ணத்தை விழித்திரையிலே செயற்படுத்த முற்பட்டோருள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்காவில் பணியாற்றிய கண் வைத்தியர் மார்க் ஹுமாயூன். இவரும் இவருடைய துணைவரும் 1990களிலே, பார்வையிழந்த தொண்டர்களின் கண்ணில் உணர்வு நீக்கும் மருந்தை மட்டும் இட்டு, விழித்திரையின் மேற்பரப்பை நுண்ணிய மின்வாய்களால் தூண்டினர். தூண்டிய இடத்துக்கு ஏற்ப ஒளிப்புள்ளி தோன்றும் திசையும் மாறியது. ஐந்து நோயாளரிடம் கண்ட இம்முடிவுகள் 1996இல் வெளியாயின. 1998இல் கலிபோர்னியாவில் "செக்கன்ட் சைற்", அதாவது இரண்டாம் பார்வை, என்னும் நிறுவனம் இக்கருவியை உருவாக்கவென்றே அமைக்கப்பட்டது. 16 மின்வாய்களைக் கொண்ட முதற் கருவி 2002 முதல் 2004 வரை ஆறு பேருக்குப் பொருத்தப்பட்டது. கிரேக்க புராணத்திற் பல கண்களையுடைய காவலனாகக் கூறப்படும் ஆர்கஸ் என்பவனின் பெயர் அதற்கு இடப்பட்டது. 60 மின்வாய்களைக் கொண்ட இரண்டாவது ஆர்கஸ் 2007 முதல் 30 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2011இல் ஐரோப்பாவிலும் 2013 பெப்ரவரியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அனுமதி பெற்றது.

இதன் தொழிற்பாட்டை அறிந்துகொள்வது கடினமன்று. நோயாளி அணியும் மூக்குக்கண்ணாடியின் நடுவே ஒரு சிறு கமரா இருக்கிறது. அது பிடிக்கும் படம் ஒரு கம்பி வழியாக இடுப்பில் மாட்டிய பெட்டிக்குச் செல்கிறது. அப்பெட்டி படத்தை 60 புள்ளிகளுக்குள் அடங்குமாறு சுருக்கி, மீண்டும் கண்ணாடிக்கு அனுப்புகிறது. கண்ணாடியின் ஓரத்திலுள்ள கம்பிச்சுருள், கண்ணின் புறத்தே தைக்கப்பட்ட மற்றொரு சுருளுக்குச் செய்தியையும் மின்சக்தியையும் தொடாமலே செலுத்துகிறது. அங்கிருந்து மெல்லிய நாடாவொன்று விழிக்குள்ளே புகுந்து, விழித்திரையின்மீது சிறிய ஆணியால் நிறுத்தப்பட்ட மின்வாய்த் தகட்டை அடைகிறது. மின்வாய்கள் துடிக்கின்றன, கீழேயுள்ள நரம்புக் கலங்கள் அத்துடிப்பை மூளைக்கு எடுத்துச் செல்கின்றன.

இவ்வாறு கிடைத்த பார்வை எத்தகையது? முன்பு கண்ட உலகம் திரும்பி வரவில்லை என்பதே உண்மையான விடை. இருட்டறையிலே மினுங்கும் ஒளித்துகள்கள் போன்ற தோற்றமே பெரும்பாலும் கிடைத்தது. நிறம் இல்லை. மின்வாய்கள் விழித்திரையின் மேற்பரப்பில் இருந்தமையால், தமக்கு நேர் கீழேயுள்ள கலங்களை மட்டுமன்றி, வேறிடத்திலிருந்து அவ்வழியாகச் செல்லும் நரம்பிழைகளையும் தூண்டிவிட்டன. அதனாற் பலருக்குப் புள்ளி தோன்றவேண்டிய இடத்திலே கோடோ வளைவோ தோன்றியது. கமரா கண்ணாடியில் இருந்தமையால், கண்ணை அசைத்துப் பயனில்லை. தலையையே மெதுவாக அசைத்துக் காட்சியைத் துருவவேண்டியிருந்தது. சோதனையில் மிகச் சிறந்த பலன் பெற்றவரின் பார்வைக்கூர்மை 20க்கு 1260 என அளவிடப்பட்டது. நல்ல கண் 1260 அடி தூரத்திற் பிரித்தறியும் பொருளை இவர் 20 அடிக்குள் வந்தே பிரித்தறிந்தார் என்பது அதன் பொருள்.

எனினும் இதனை அற்பமென்று தள்ளுதல் நீதியாகாது. முழு இருளில் இருந்தவருக்கு யன்னல் எந்தப் பக்கம், வாசற்கதவு திறந்திருக்கிறதா, எதிரே ஒருவர் நிற்கிறாரா நகர்கிறாரா, வெண்கோட்டால் காட்டிய நடைபாதையின் விளிம்பு எங்கே என்பவை தெரிந்தன. சிலர் பெரிய எழுத்துக்களையும் சிறிய சொற்களையும் பொறுமையுடன் கூட்டி வாசித்தனர். ஆயினும் வெள்ளைக் கைத்தடியை வீசிவிட்டு நடக்க எவராலும் முடியவில்லை. சத்திரசிகிச்சையும் அபாயமற்றதன்று. 30 பேருள் 11 பேருக்கு, விழித்திரை கழலுதல், வெளிப்படலம் அரித்தல், அழற்சி முதலிய கடுமையான இடர்கள் மொத்தம் 23 நேர்ந்தன. கருவியின் விலை மட்டும் ஏறக்குறைய 1,50,000 அமெரிக்க டொலர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். செவிப்புலன் இழந்தவர்க்கு உட்காதில் 20 அளவான மின்வாய்களைப் பதித்தாலே பேச்சை விளங்கிக்கொள்கிறார்களே, கண்ணுக்கு 60 போதாதா? இதற்கு விடை அந்தந்தப் புலனின் இயல்பிலேயே உண்டு. உட்காதிலே தாழ்ந்த சுரம் ஓரிடத்திலும் உயர்ந்த சுரம் மற்றோரிடத்திலுமாக ஒலிகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. அவ்வரிசையில் ஆங்காங்கே தொட்டால், பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மூளை மிகுதியை ஊகித்துக்கொள்ளும். காட்சியோ நீளமும் அகலமும் உடைய பரப்பு. அதனை 10 இலட்சம் இழைகள் கொண்டு செல்கின்றன. அந்த இடத்தில் 60 புள்ளிகள் என்பது நெடிய கதையொன்றைச் சில எழுத்துக்களால் சொல்ல முயல்வதற்கு ஒப்பாகும்.

புள்ளிகளைப் பெருக்கும் வழியை ஜேர்மனியில் ரியூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எபர்ஹாட் ஸ்ரெனரும் அவருடன் இணைந்தோரும் தேடினர். அவர்கள் தகட்டை விழித்திரையின் மேலே வைக்காமல், அழிந்துபோன ஒளியுணர் கலங்கள் முன்பு இருந்த அடிப்பகுதியிலேயே செருகினர். மூன்று மில்லிமீற்றர் சதுரமான அத்தகட்டிலே, ஒளிபட்டால் மின் குறிப்புத் தரும் நுண்பகுதிகள் 1500 இருந்தன. கமரா தேவைப்படவில்லை, கண்ணுள்ளே இயல்பாக விழும் பிம்பத்தையே தகடு வாங்கிக்கொண்டது. தகடு கண்ணோடு சேர்ந்தே அசைவதால் நோயாளி கண்ணைத் திருப்பிப் பார்க்கவும் முடிந்தது. 2010இல் வெளியான முதல் முடிவுகளின்படி, நோயாளி ஒருவர் பெரிய எழுத்துக்களைக் கூட்டி வாசித்ததோடு, தமது பெயர் எழுத்துப் பிழையாக வைக்கப்பட்டிருந்ததையும் சுட்டிக் காட்டினார். பின்பு செய்த கருவியில் மிகச் சிறந்த பார்வைக்கூர்மை 20க்கு 546 வரை உயர்ந்தது. ஆனால் தகட்டுக்கு மின்சக்தி வேண்டும். அதற்காகக் கண்ணிலிருந்து காதின் பின்புறம் வரை தோலின் கீழே ஒரு கம்பி ஓடவேண்டியிருந்தது. சத்திரசிகிச்சை நீண்டது, பலனும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. 2013இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற இக்கருவியைச் செய்த "ரெற்றினா இம்பிளான்ற்" நிறுவனம் 2019இல் தன் பணியை முடித்துக்கொண்டது.

அதே 2019ஆம் ஆண்டிலே செக்கன்ட் சைற் நிறுவனமும் ஆர்கஸ் கருவியின் உற்பத்தியை நிறுத்தியது. விழித்திரையை விட்டு, மூளையின் பார்வைப் பகுதியையே தூண்டும் வேறொரு கருவியில் தன் கவனத்தைச் செலுத்தப் போவதாக அறிவித்தது. 2020 மார்ச்சிலே பணமுடையால் தன் ஊழியரிற் பெரும்பாலோரை விலக்கியது. 2022இல் மருந்து செலுத்தும் கருவிகளை ஆராயும் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து, தன் பெயரையும் இழந்தது. அதற்குள் உலகெங்கும் ஏறக்குறைய 350 பேரின் கண்களில் ஆர்கஸ் கருவி இருந்தது.

இந்த 350 பேரின் நிலையை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். வானொலிப் பெட்டி பழுதானால் அதனை ஒரு மூலையில் வைத்துவிட்டு வேறொன்றை வாங்கலாம். கண்ணுள்ளே தைத்த கருவியை அவ்வாறு செய்ய முடியுமா? இடுப்புப் பெட்டி கெட்டபோது அதற்கு ஈடான மற்றொன்று கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாயிற்று. வேறு நோய்க்காகக் காந்தக் கதிர்ப்படம் எடுக்கவேண்டி வந்தபோது, உள்ளேயுள்ள கருவியால் தீங்கு நேருமா என்று கேட்பதற்கு நிறுவனத்தில் ஆளில்லை. கருவியை அகற்றுவதற்கும் மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். அதிலும் அபாயம் உண்டு. 2022 பெப்ரவரியில் அமெரிக்க மின்பொறியியலாளர் சஞ்சிகையொன்று இவற்றை விரிவாக வெளியிட்டபோதே உலகம் இதனை அறிந்தது. ஒருமுறை பார்வையை இழந்து, கைவிட்டுப்போனதில் ஒரு துளியை மீளப் பெற்று, அந்தத் துளியையும் மறுமுறை இழந்தவர்கள் இவர்களுள் இருந்தனர். முதல் இழப்பு நோயினால் நேர்ந்தது. இரண்டாவது இழப்பு கணக்குப் புத்தகத்தினால் நேர்ந்தது.

இவ்வளவும் நிகழ்ந்தபின் இவ்வாராய்ச்சி முடிந்துவிட்டதென்றே பலரும் கருதினர். ஆனால் வேறொரு திசையிலிருந்து முன்னேற்றம் வந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பௌதிக அறிஞர் டானியேல் பலங்கர், கம்பியை முழுவதும் ஒழிக்க எண்ணினார். ஒளியே மின்சக்தியையும் கொண்டு வருமானால் கம்பி எதற்கு? அவர் வகுத்த "பிரிமா" என்னும் தகடு இரண்டு மில்லிமீற்றர் சதுரம். தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் 100இல் 3 பங்கு. அதிலுள்ள 378 நுண்கூறுகளும் சூரிய ஒளியால் மின்சாரம் ஆக்கும் தகடுகளைப் போன்றே தொழிற்படுகின்றன. கண்ணாடியிலுள்ள கமரா பிடித்த படத்தை, அதே கண்ணாடியிலுள்ள சிறு கருவி, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறத்துக்கு அப்பாற்பட்ட கதிராக மாற்றிக் கண்ணுக்குள்ளே வீசுகிறது. கதிர் விழுந்த கூறுகள் தாமே மின்சாரத்தை ஆக்கி, தமக்கு மேலேயுள்ள இடைக்கலங்களைத் தூண்டுகின்றன. இடைக்கலங்களினூடே செய்தி செல்வதால், விழித்திரை இயல்பாகச் செய்யும் வடித்தெடுக்கும் வேலையிற் பெரும்பகுதி கெடாமல் நிற்கிறது. ஆர்கஸ் கருவியிற் கண்ட நீண்ட கோடுகளும் இங்கே தோன்றுவதில்லை.

மற்றொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. பிரிமா முழு இருளில் இருப்போருக்காகச் சோதிக்கப்படவில்லை. மஞ்சட்பொட்டுச் சிதைவினால் நடுப் பார்வையை இழந்த முதியோருக்காகவே சோதிக்கப்பட்டது. அவர்கள் நடமாடுவதற்கு ஓரப் பார்வை உண்டு. வேண்டியது வாசிப்பதற்கான சிறிய நடுப் பார்வையே. சிறிய தகட்டினால் எது இயலுமோ அதனையே நோக்கமாகக் கொண்டமை அறிவுடைமை எனலாம்.

ஐரோப்பாவில் ஐந்து நாடுகளிலுள்ள 17 வைத்திய நிலையங்களில், 60 வயதைக் கடந்த 38 பேருக்கு இத்தகடு பொருத்தப்பட்டது. ஜேர்மனியின் பொன் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹோல்ஸ், பிரான்சிலும் பின்பு அமெரிக்காவிலும் பணியாற்றிய ஜோசே அலேன் சகேல் ஆகிய கண் வைத்தியர்கள் இச்சோதனையை முன்னின்று நடத்தினர். முடிவுகள் 2025 ஒக்ரோபரில் நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகையில் வெளியாயின. ஓராண்டின் இறுதியிற் பரிசோதிக்கப்பட்ட 32 பேருள் 26 பேருக்குப் பார்வைக்கூர்மை பயன்தரத்தக்க அளவு உயர்ந்திருந்தது. வைத்தியசாலைச் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையில், சராசரியாக ஐந்து வரிகள் கீழே இறங்கி வாசித்தனர். பெரும்பாலோர் வீட்டிலும் எழுத்துக்களையும் எண்களையும் சொற்களையும் வாசிக்க அக்கருவியைப் பயன்படுத்தினர். எஞ்சியிருந்த ஓரப் பார்வைக்கு ஊறு நேரவில்லை.

இங்கும் அளவறிந்து மகிழ்தல் வேண்டும். இப்பார்வை கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. எழுத்தைப் பல மடங்கு பெருப்பித்துக் காட்டும் வசதி கண்ணாடியில் இருப்பதாலேயே சிறிய எழுத்துக்கள் தெரிகின்றன. தகட்டின் இயல்பான கூர்மை 20க்கு 400 என்னும் அளவைத் தாண்டாது. வாசிப்பு மெதுவானது. பல மாதப் பயிற்சியின்றி அது கைகூடாது. கண்ணுக்கு வந்த புதிய குறிப்புக்களின் பொருளை மூளை குழந்தையைப்போற் படிக்கவேண்டியிருக்கிறது. 19 பேரிடம் 26 கடும் இடர்கள் நேர்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை முதல் இரண்டு மாதங்களுள் தோன்றி, சிகிச்சையால் விரைவிலே தீர்ந்தன.

பிரிமாவின் வரலாற்றிலும் பழைய நிழல் படிந்தே இருக்கிறது. அதனை வளர்த்தெடுத்த பாரிஸ் நகரத்துப் "பிக்சியம் விசன்" நிறுவனம், அச்சோதனை நடந்துகொண்டிருக்கையிலேயே கடனில் மூழ்கியது. 2024இல் அமெரிக்காவிலுள்ள "சயன்ஸ்" என்னும் புதிய நிறுவனம் அதன் உடைமைகளை வாங்கியமையால் சோதனை தொடர்ந்து முடிவுற்றது. விழித்திரைக் கருவி செய்த மூன்று பெரிய நிறுவனங்களும் விஞ்ஞானத்தில் வெற்றியோ பாதி வெற்றியோ கண்டன. வணிகத்தில் மூன்றும் வீழ்ந்தன. நோயாளர் தொகை சிறிது, ஆராய்ச்சிச் செலவு பெரிது, பலன் மெதுவாகத் தெரிவது என்ற மூன்றும் சேர்ந்தால் இலாபத்தை எதிர்பார்த்து முதலிட்டோர் நெடுநாள் பொறுத்திருப்பதில்லை.

மின்சாரம் ஒன்றே வழியுமன்று. பரம்பரைக் கோளாறுகளுள் ஒருவகைக்கு, குறையுள்ள பரம்பரை அலகின் நல்ல பிரதியை விழித்திரைக்குள் செலுத்தும் சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2021இல் மற்றொரு முறை வெளியாயிற்று. எஞ்சியுள்ள நரம்புக் கலங்களையே ஒளியுணரச் செய்யும் பரம்பரை அலகைச் செலுத்தி, விசேட கண்ணாடியின் துணையோடு, நெடுங்காலம் பார்வையிழந்திருந்த 58 வயதினர் ஒருவர் மேசையின்மீதுள்ள பொருள்களைக் கண்டு தொடவும் எண்ணவும் ஆற்றல் பெற்றார். பார்வை நரம்பே இல்லாதோர்க்காக மூளையில் மின்வாய்களைப் பதிக்கும் முயற்சியும் தொடர்கிறது. இவற்றுள் எது நிலைக்கும் என்பதைக் காலமே சொல்லவேண்டும்.

ஆனால் எந்த வழி வெல்லினும் ஆர்கஸ் கருவி புகட்டிய பாடம் மாறாது. உடலுக்குள் வைக்கும் கருவி விற்பனைப் பொருள் மட்டுமன்று. அது ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதியின் காலம் நிறுவனத்தின் ஆயுளால் அளக்கப்படலாகாது. அதனை ஏற்றவரின் ஆயுளாலேயே அளக்கப்படல் வேண்டும். அதற்குச் செய்யக்கூடியவை பல உள. உள்ளே வைப்பதை இயன்றவரை எளிதாக்கி, பழுதாகக்கூடிய பாகங்களை வெளியே, மாற்றத்தக்கதாக அமைக்கலாம். பிரிமாவின் கம்பியற்ற தகடு ஓரளவுக்கு இதற்கு உதாரணம். அனுமதி அளிக்கும் அரசாங்கங்கள், உதிரிப்பாகங்களுக்கும் பராமரிப்புக்கும் முன்கூட்டியே ஒரு நிதியை ஒதுக்கிவைக்குமாறு கேட்கலாம். நிறுவனம் மூடப்பட்டால் கருவியின் வரைபடங்களும் கட்டளை நிரல்களும் பிறர் கையாளத்தக்கவாறு வெளியிடப்படவேண்டுமென விதிக்கலாம்.

செயற்கைப் பார்வை கிடைத்துவிட்டது என்ற செய்தியைப் பத்திரிகைகளிற் காணும் நேயர்கள், அதனோடு சில வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் நன்று. அது எந்த நோய்க்கானது? விழித்திரையில் எந்த அடுக்கு எஞ்சியிருந்தால் அது பயன்படும்? எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் சோதிக்கப்பட்டது? கிடைக்கும் பார்வையைக் கொண்டு அன்றாடம் எதனைச் செய்ய முடியும்? பத்து ஆண்டுகளின் பின் கருவி பழுதுபட்டால் யாரிடம் செல்வது? முதல் நான்கு வினாக்களுக்கும் விஞ்ஞானிகள் இப்பொழுது ஓரளவு தெளிவாக விடை கூறுகின்றனர். ஐந்தாவது வினாவுக்கும் அதே தெளிவோடு விடை கிடைக்கும் நாளிலேயே, விழித்திரையில் வைக்கும் தகட்டை ஒருவர் முழு மனத்துடன் ஏற்றுக்கொள்ள முடியும்.